கடித்து வைத்த ரொட்டி

செப்டம்பர் 11

வந்து சேர்ந்தாயிற்று. பெயர்தான் உலகம்மாள். நாற்பத்தாறு வயதுவரை நான் பார்த்த உலகம் தென்காசிக்கும் திருநெல்வேலிக்கும் நடுவே பஸ் ஓடுகிற தூரம்தான். இப்போது உஸ்பெகிஸ்தானில் மர்கிலான் என்கிற ஊரில், ஒரு தனியார் சென்டரில் இங்கிலீஷ் டீச்சர். பத்து மாத ஒப்பந்தம். ஜூன் முடிந்ததும் பெட்டியைக் கட்டிவிடுவேன். அதற்குமேல் ஒரு நாள் இருக்கச் சொல்லித் தங்கத்தில் தட்டு வைத்தாலும் இருக்கமாட்டேன்.

ஐந்தாம் மாடியில் வீடு கொடுத்திருக்கிறார்கள். லிஃப்ட் உண்டு, ஓடாது.

தம்பிக்குப் போன் போட்டேன். "சேந்துட்டியாக்கா? சரி, சரி. ஒரு வேலையா இருக்கேன்" என்று வைத்துவிட்டான். பாவம், அவனுக்கு ஆயிரம் வேலை. ஆனாலும் வீட்டில் என்னைத் தேடத்தான் செய்வார்கள்.

அக்டோபர் 3

நான் சைவம் என்று சொன்னால் இந்த ஊரில் கோழி கொண்டுவந்து வைக்கிறார்கள்.

அக்டோபர் 20

சாயங்கால வகுப்பு முழுக்கப் பெண்கள். அதில் நஃபீசா என்று ஒருத்தி, இருபத்தாறு இருக்கும். முதல் வரிசை. ஒரு பாடத்தை இரண்டாம் தடவை சொல்லவிட மாட்டாள். புருஷன் ரஷ்யாவில் கட்டட வேலை. போய் மூன்று வருஷமாகிறதாம். மாமியாரோடு இருக்கிறாள். "படின்னு அனுப்புனதே எங்க அத்தைதான் டீச்சர்" என்றாள். நான் நம்பவில்லை. எந்த ஊரில் மாமியார் அப்படி இருக்கிறாள்?

தம்பி மகனுக்குக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறார்களாம். என் அறையில்தான் வைத்திருக்கிறார்கள். காற்றோட்டமான அறை, நல்லதுதான்.

நவம்பர் 14

குளிர் என்றால் இதுதான் குளிர். குற்றாலத்தில் சாரல் அடித்தால் நடுங்குகிற உடம்பு இது. ஐந்தாம் மாடியில் வெந்நீர்க் குழாய் வெடித்து ஹீட்டர் செத்துப்போயிற்று. ஆள் வர ஒரு வாரம் ஆகுமாம். இரண்டு ஸ்வெட்டர் போட்டு, அதன்மேல் பட்டுப்புடவையை எடுத்துச் சுற்றிக்கொண்டு வகுப்புக்குப் போனேன். பின்வரிசையில் சிரித்தார்கள். நஃபீசா சிரிக்கவில்லை. வகுப்பு முடிந்ததும் வெளியே போய் யாரிடமோ போனில் பேசிவிட்டு வந்தாள்.

"எங்க அத்தை உங்கள இப்பவே கூட்டிட்டு வரச் சொல்லுதாவ."

"என்னத்துக்கு?"

"என்னத்துக்குன்னு கேட்டா ஏசுவாவ. கிளம்புங்க டீச்சர்."

இவர்கள் பேசுவது உஸ்பெக்கும் அரைகுறை இங்கிலீஷும்தான். என் காதில் விழும்போது தென்காசிப் பேச்சாகத்தான் விழுகிறது. அப்படியே எழுதிக்கொள்கிறேன். என் டைரி, என் இஷ்டம்.

அவர்கள் வீட்டு முற்றத்தில் இலை உதிர்ந்த திராட்சைப் பந்தல், ஓரத்தில் மாட்டுத்தொழுவம். மாமியார் பெயர் முகர்ரம். இங்கே மூத்தவளை 'ஓப்பா' என்பார்கள், நம் அக்கா மாதிரி. முகர்ரம் ஓப்பா என் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு நஃபீசாவை ஏசினார், என்னவோ நான் குளிர்ந்துபோனதற்கு அவள்தான் காரணம் என்பது போல. இரண்டு பேரும் சேர்ந்து என்னை அடுப்போரம் உட்காரவைத்துப் பஞ்சு மெத்தையால் மூடினார்கள்.

தேநீர் வந்தது. கிண்ணத்தில் கால்வாசிதான். குடித்தேன். மறுபடியும் கால்வாசி. இவ்வளவு பெரிய கூஜாவை வைத்துக்கொண்டு ஊற்றுவதில் என்ன கஞ்சத்தனமோ! ஆனால் ரொட்டியும் திராட்சையும் வாதுமையும் தட்டுத் தட்டாக வருகிறது. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

எனக்கு விட்டது நஃபீசாவின் அறை. அவள் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு மாமியார் அறைக்குப் போய்விட்டாள். சுவரில் அவள் புருஷன் ஷெர்சோத் படம், வாயெல்லாம் சிரிப்பு. முன்பல் பாதி உடைந்திருக்கிறது. சின்னப் பிள்ளையில் மல்பெரி மரத்திலிருந்து விழுந்தானாம்.

நவம்பர் 22

ஹீட்டர் சரியாகிவிட்டது. போகிறேன் என்று பெட்டியை எடுத்தேன். ஓப்பா பெட்டியை என் கையிலிருந்து வாங்கி அலமாரிக்கு மேல் ஏற்றிவிட்டார். எனக்கு எட்டாது. பேச்சு முடிந்தது.

டிசம்பர் 8

கஞ்சத்தனம் என்று எழுதினேனே, என் வாயில் மண்ணைப் போட. நஃபீசா சொன்னாள்: இங்கே மரியாதைக்காரருக்குக் குறைவாகத்தான் ஊற்றுவார்களாம். குறைவாக ஊற்றினால் அடிக்கடி ஊற்றலாம், கூட உட்கார்ந்திருக்கலாம். கிண்ணம் நிறைய ஊற்றிவிட்டால், குடித்துவிட்டு எழுந்து போ என்று அர்த்தம். நம் ஊரில் டம்ளர் ததும்பாவிட்டால் சம்பந்தி சண்டைக்கு வருவான்.

எனக்காகப் பூசணிக்காய் வைத்துக் கொழுக்கட்டை அவிக்கிறார்கள். ஆட்டிறைச்சி இல்லாமல் இந்த வீட்டில் இதற்குமுன் அடுப்பு எரிந்ததே இல்லையாம். "வயித்துல எதும் நோயா?" என்று ஓப்பா தனியாகக் கேட்டார். இல்லை என்றேன். நம்பவில்லை, மறுநாளும் பூசணிதான்.

டிசம்பர் 22

வெள்ளிக்கிழமை ஷெர்சோத் போன் பண்ணுவான். ரஷ்யாவரைக்கும் நேராகவே கேட்கவேண்டும் என்பது போல ஓப்பா கத்துவார். கடைசியில் போன் நஃபீசாவிடம் போகும். அவள் மெல்லப் பேசிக்கொண்டே தொழுவத்துப் பக்கம் போய்விடுவாள்.

கோக்கந்த் என்கிற ஊரில் நஃபீசாவின் அம்மா வீடு. புருஷன் இல்லாத வீட்டில் உனக்கு என்ன வேலை, பேசாமல் இங்கே வந்துவிடு என்று அங்கிருந்தும் போன் வருகிறது. அந்தப் போன் வரும்போது மட்டும் ஓப்பா தேவையில்லாமல் பாத்திரம் கழுவுகிறார். வசந்தம் வந்ததும் மாட்டை விற்றுவிடப் போகிறாராம். வேலை பார்க்க உடம்பு ஒத்துழைக்கவில்லை என்கிறார். பார்த்தால் என்னைவிடத் திடமாக இருக்கிறார்.

ஜனவரி 14. போகி

ஊருக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. பண்டிகை வேலையாக இருப்பார்கள்.

எந்த ஊரில் இருந்தால் என்ன, போகி போகிதான். அறையை ஒட்டடை அடித்துக் கழுவிவிட்டேன். ஜன்னல் திரைக்குப் பின்னால் ஆணியில் ஒரு துணிப்பை தொங்கியது. உள்ளே ஒரு வட்ட ரொட்டி, கல்லாகக் காய்ந்திருக்கிறது. ஓரத்தில் யாரோ ஒரு வாய் கடித்திருக்கிறார்கள். பிறை மாதிரி, வரிசையாகப் பல் பதிந்த தடம். எச்சில் ரொட்டியை யாராவது தொங்கவிடுவார்களா? அவசரத்தில் கடித்துவிட்டு மறந்திருப்பார்கள்.

நஃபீசா சந்தைக்குப் போயிருந்தாள். இதற்கெல்லாம் போய்க் கேட்டுக்கொண்டிருப்பானேன்? ஆனால் இவர்கள் ரொட்டியைக் குப்பையில் போடமாட்டார்கள். கீழே கிடந்தால்கூட எடுத்து முத்தமிடுகிறவர்கள். அந்த மரியாதை எனக்கும் தெரியும். எடுத்து வைத்திருக்கிறேன், நாளை மறுநாளுக்கு ஆகும். பையைத் துவைத்துப் போட்டேன்.

ஜனவரி 16. மாட்டுப் பொங்கல்

காலை: ஏ அப்பா, என்ன சந்தோஷம்! மாட்டுக்கு நெற்றியில் குங்குமம் வைத்து, கொம்பில் என் ரிப்பனைக் கட்டினேன். ரொட்டியை ஊறவைத்துச் சோறும் சர்க்கரையும் பிசைந்து ஊட்டினேன். ஒரு பருக்கை மிச்சமில்லை. ஓப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "மாட்டுக்கும் உங்க ஊர்ல பிறந்தநாளா?" என்று கேட்டார்.

சாயங்காலம்: கொடியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்த ஓப்பா அந்தப் பையைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார். நேராக என் அறைக்குப் போனார். வெறும் ஆணியைப் பார்த்தார். "இதுல இருந்தது எங்க?" என்றார். நான் பல்லைக் காட்டிக்கொண்டு தொழுவத்தைக் காட்டினேன்.

பையை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நஃபீசாதான் சொன்னாள். தூரப் பயணம் போகிறவர்கள் ரொட்டியில் ஒரு வாய் கடித்துவிட்டுப் போவார்களாம். மிச்சத்தை வீட்டில் தொங்கவிடுவார்களாம். அந்த மிச்சம்தான் போனவரைத் திரும்ப இழுத்துக்கொண்டு வருமாம். வந்து அவரேதான் தின்று முடிக்கவேண்டும். அது ஷெர்சோத் போகும்போது கடித்து வைத்த ரொட்டி.

மூன்று வருஷம் ஒரு தாய் காத்துவைத்ததை மாட்டுக்கு ஊட்டியிருக்கிறேன், அதுவும் சர்க்கரை போட்டு. என்னை எதால் அடிக்க?

ஜனவரி 17

காலையில் ஓப்பா தேநீர் ஊற்றினார். கிண்ணம் நிறைய. விளிம்புவரை.

ஜனவரி 19

வெள்ளிக்கிழமை. போன் வரவில்லை.

ஜனவரி 26

இன்றும் வரவில்லை. அவன் போன் அணைந்தே கிடக்கிறது. ரொட்டிக்கும் போனுக்கும் என்ன சம்பந்தம், நான் படித்தவள், இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. மூன்று தடவை எங்கள் ஊர்க்கோயில் உலகம்மனுக்கு வேண்டிக்கொண்டேன்.

ஓப்பா இன்னமும் எனக்குப் பூசணிக்காய்தான் அவிக்கிறார். தட்டை என் முன் வைத்துவிட்டுப் போய்விடுகிறார். முன்னெல்லாம் கூட உட்கார்ந்து, இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று கழுத்தறுப்பார். அந்தக் கழுத்தறுப்புக்கு இப்படி ஏங்குவேன் என்று நினைக்கவில்லை. ஐந்தாம் மாடி வீடு காலியாக இருக்கிறதா என்று சென்டரில் கேட்டிருக்கிறேன்.

ஜனவரி 30

வகுப்பு முடிந்து பனியில் நடந்து வருகிறோம். அழுதுவிட்டேன், நடுத்தெருவில். நஃபீசா என்னை இழுத்து ஒரு சுவரோரம் நிறுத்தினாள்.

"டீச்சர், ஒண்ணு சொல்லுதேன். அத்தைகிட்ட சொல்லிராதீங்க. அது அவரு ரொட்டியே இல்ல."

"என்னட்டி சொல்லுத?"

"அவரு ரொட்டிய முத வருஷமே எலி தின்னுட்டு. பையில வெறும் தூள்தான் கெடந்துச்சு. அத்தை பாத்தா நெஞ்சு வெடிச்சிருவாவன்னு நானே ஒண்ணு சுட்டு, நானே கடிச்சு வச்சிட்டேன்."

கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இரண்டும் வந்தது. "அப்ப உம் புருஷன இத்தன நாளா இழுத்துப் பிடிச்சது எது?" என்று கேட்டேன். "நான்தான் டீச்சர்" என்றாள். இந்தப் பிள்ளைக்கு நான் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறேன்!

பிப்ரவரி 9

போன் வந்துவிட்டது! வேலை செய்த இடத்தில் போனைத் திருடிவிட்டார்களாம். ஆள் நன்றாக இருக்கிறான். ஆனால் இன்னும் ஒரு வருஷம் ஆகும் என்கிறான். ஓப்பா கத்தாமல் பேசினார். ரொட்டியைப் பற்றி மூச்சு விடவில்லை. உலகம்மனுக்கு மாவிளக்குப் பாக்கி.

ஆனால் எனக்கு ஊற்றிய கிண்ணம் இன்றும் நிறையத்தான் இருந்தது. அவன் நல்லபடியாக இருக்கிறான் என்று தெரிந்தபிறகும் ஏன்? எனக்கு மனசே விட்டுப்போயிற்று.

பிப்ரவரி 10

நஃபீசா இல்லாத நேரம் பார்த்து ஸ்டூல் போட்டு ஏறி அலமாரி மேலிருந்து பெட்டியை இறக்கினேன். ஓப்பா வந்துவிட்டார். கட்டிலில் உட்கார்ந்தார். என் உஸ்பெக் இப்போது பரவாயில்லை, மீதிக்குக் கை இருக்கிறது.

"ஓப்பா, என்னை மன்னிச்சிருங்க. உங்க பிள்ளை ரொட்டிய..."

"எம் பிள்ளை ரொட்டின்னு உனக்கு யாரு சொன்னா?"

வீட்டு ஆட்களையும் மாட்டையும் தவிர யாரையும் 'நீங்க' என்றே பேசுகிறவர் முதல்முறையாக என்னை 'நீ' என்றார். சுவரில் இருந்த படத்தைக் காட்டினார். பிறகு தன் முன்பல்லைத் தொட்டுக் காட்டி, பாதியில் விரலை வைத்து முறித்தார்.

"இவன் கடிச்சா நடுவுல ஒரு மேடு நிக்கும். ஆப்பிளக் கடிச்சாலும் அப்பிடித்தான், ரொட்டியக் கடிச்சாலும் அப்பிடித்தான். அந்தப் பையில இருந்த ரொட்டி வரிசையா கடிச்சிருந்துது. பெத்தவளுக்குத் தெரியாதா?"

நான் படத்தின் கிட்டே போய் அந்தப் பல்லைப் பார்த்தேன்.

"அவ சுட்ட ரொட்டி. அவ கடிச்சு வச்சது. எனக்காகச் செஞ்சிருக்கான்னு தெரியும். தெரிஞ்ச மாதிரி நான் காட்டிக்கல. ஆனா மனசுல ஒண்ணு பிடிச்சுக்கிட்டேன். அவன் ரொட்டி எலிக்குப் போனா போவுது, அவன் என் ரத்தம், எப்பவும் வருவான். இவ ரொட்டி இந்த வீட்டுல தொங்குற வரைக்கும் இவ கோக்கந்துக்குப் போவ மாட்டா. அப்பப்ப நீங்க ரெண்டு பேரும் கிளாசுக்குப் போனப்புறம் பையத் தொட்டுப் பாப்பேன்."

முந்தானை மாதிரித் தலைத்துணியை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். பக்கத்தில் போய் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் பயந்தது மகன் வராமல் போவானோ என்று இல்லை. மருமகள் போய்விடுவாளோ என்றுதான். அதைத்தான் நான் மாட்டுக்கு ஊட்டியிருக்கிறேன்.

"அவகிட்ட சொல்லிராத" என்றார்.

இரண்டு பேர் ரகசியமும் இப்போது என் வயிற்றில். ஒருத்திக்கொருத்தி தெரியாது என்று இரண்டு பேரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எழுந்து போகும்போது ஓப்பா பெட்டியை மறுபடி அலமாரிமேல் ஏற்றினார். ஸ்டூலையும் எடுத்துக்கொண்டு போனார்.

பிப்ரவரி 11

தேநீர், கால் கிண்ணம். நாலு தடவை ஊற்றினார். நாலு தடவையும் எனக்குக் கண் கலங்கியது. புகை என்றேன்.

மார்ச் 21

நவ்ரூஸ், இவர்கள் புத்தாண்டு. முளைகட்டிய கோதுமைப் பாலைப் பெரிய கொப்பரையில் ஊற்றித் தெருப் பெண்கள் எல்லோரும் முறைவைத்துக் கிண்டினோம். நமக்குத்தான் பால்கோவா கிண்டின கை ஆயிற்றே. "இந்தியாக்காரிக்குக் கை ஓயாது" என்று பெயர் வாங்கினேன்.

மாட்டு வியாபாரி வந்தான். ஓப்பா அவனைத் தொழுவத்துப் பக்கமே விடவில்லை. "பயணக்காரங்க ரொட்டியத் தின்ன மாடு இது. இத எப்பிடி விக்க?" என்றார். வியாபாரி தலையைச் சொறிந்துகொண்டு போனான். நஃபீசா என் காதில், "பாத்தியளா, அத்தை இன்னமும் அவரு ரொட்டின்னே நெனச்சிட்டிருக்காவ, பாவம்" என்றாள். நான் கொப்பரையைக் கிண்டினேன், வேறென்ன செய்ய?

மே 18

சென்டரில் நஃபீசாவைச் சின்னப் பிள்ளைகள் வகுப்புக்கு டீச்சராக எடுக்கிறார்கள். அதற்குமுன் தாஷ்கெண்டில் இரண்டு மாதப் பயிற்சி. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். வீட்டில் சொன்னோம். ஓப்பா உடனே "போயிட்டு வா" என்றார். பிறகு எழுந்து போய், கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினார். கோக்கந்தில் அவள் அம்மா, பயிற்சி முடிந்ததும் நேராக இங்கே வந்துவிடு, இங்கேயும் பள்ளிக்கூடம் இருக்கிறது என்கிறாளாம். நஃபீசா அதற்கு என்ன பதில் சொன்னாள் என்று எங்கள் இரண்டு பேரிடமும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

ஜூன் 9

அடுத்த வருஷமும் வருகிறீர்களா என்று சென்டரில் கேட்டார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். தம்பிக்குப் போன் போட்டு வரும் தேதியைச் சொன்னேன். "வந்தா ஹால்ல படுத்துக்கிடலாம்லாக்கா? அவனுக்கு ஆன்லைன் கிளாஸ் இருக்கு" என்றான். படுத்துக்கிடலாம். எனக்கென்ன, ஒரு பாய் போதும்.

ஜூன் 22

வண்டி வாசலில் நிற்கிறது. நானும் நஃபீசாவும் ஒரே வண்டியில் தாஷ்கெண்ட் போகிறோம். அவள் பயிற்சிக்கு, நான் விமானத்துக்கு. எல்லோரையும் நிற்கவைத்துவிட்டு இதை எழுதுகிறேன், இப்போது எழுதாவிட்டால் எழுதமாட்டேன்.

காலையில் ஓப்பா தந்தூர் அடுப்பில் தலையை விட்டு ரொட்டி சுட்டார். வேர்க்க விறுவிறுக்க ஒரு ரொட்டியை என் வாயருகே நீட்டினார்.

"கடி."

நான் கையால் பிட்டுக்கொள்ளப் போனேன். கையில் ஒரு தட்டு விழுந்தது.

"கையால இல்ல. பல்லால."

இத்தனை வயதுவரை தண்ணீரைக்கூட அண்ணாந்து குடிக்கிறவள் நான். வாய்வைத்து ஒன்றைத் தின்று, மிச்சத்தை இன்னொருவர் வீட்டில் விட்டுவிட்டு வருவதா? கடித்தேன். சூடு நாக்கில் சுட்டது. என் எச்சில் ரொட்டியை ஓப்பா வாங்கி முத்தமிட்டு நெற்றியில் வைத்துக்கொண்டார். தென்காசியிலிருந்து கிளம்பிய அன்று பஸ் ஸ்டாண்டுக்கு யாரும் வரவில்லை என்பதை நான் இந்த டைரியில் எங்கேயும் எழுதவில்லை. இப்போது எழுதலாம் போலிருக்கிறது.

அடுத்த ரொட்டி நஃபீசாவின் முன்னால் நீண்டது.

"நான் என்ன ரஷ்யாவுக்கா போறேன்? ரெண்டே மாசம்தானே அத்தை" என்று சிரித்தாள்.

"கடி. போன தடவ கடிச்சியே, வரிசையா, அதே மாதிரி."

நஃபீசாவின் சிரிப்பு நின்றுவிட்டது. திரும்பி என்னைப் பார்த்தாள். நான் சொல்லவில்லை, சத்தியமாகச் சொல்லவில்லை. நான் மாட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அத்தை..."

"எலி தின்னதும் தெரியும். நீ சுட்டதும் தெரியும். எம் மவன் பல்லும் தெரியும், உம் பல்லும் தெரியும். அவனுக்காகக் கடிச்சது போதும். இது உனக்கு. வாரதும் வராததும் உன் இஷ்டம். ரொட்டி இங்கதான் இருக்கும்."

நஃபீசா கடித்தாள். மென்று விழுங்க முடியாமல், வாயில் ரொட்டியோடு மாமியார் தோளில் சாய்ந்து ஓவென்று அழுதாள். "கோக்கந்துக்கு வரமாட்டேன்னு போன மாசமே எங்கம்மாட்ட சொல்லிட்டேன்" என்றாள். பாதி வாயில், பாதி அழுகையில். ஓப்பாவுக்குப் புரிந்துவிட்டது. அவரும் அழுதார். நான் என்ன கல்லா?

இரண்டு ரொட்டியையும் இரண்டு பையில் போட்டு அதே ஆணியில் மாட்டியிருக்கிறார். ஓப்பா என்னைப் பார்த்து, "மாட்டுக்கிட்டயும் சொல்லி வச்சிட்டேன்" என்றார்.

தம்பிக்குச் செய்தி அனுப்பிவிட்டேன், ஆகஸ்ட் வரைதான் ஹால் வேண்டும் என்று. சென்டருக்கும் சொல்லிவிட்டேன்.

டிரைவர் ஹாரன் அடிக்கிறான். ஓப்பா காதிலேயே போட்டுக்கொள்ளாமல் தேநீர் ஊற்றுகிறார். கிண்ணத்தின் அடி நனைகிற அளவுதான். குடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் என்று நீட்டினேன். மறுபடியும் அதே அளவுதான் ஊற்றினார்.